யார் கையில் குத்தும்?

சென்ற ஜூன் 5 அன்று ஒரு கல்லூரியில் பேச அழைத்திருந்தார்கள். உலகச் சுற்றுச்சூழல் நாள். எனக்கு முன்னால் பேசியவர் துணிப்பை, மரக்கன்று, எல்.இ.டி. விளக்கு, மூங்கில் பிரஷ் என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, "நம் பாட்டி காலத்து வாழ்க்கைக்குத் திரும்பினாலே பூமி பிழைத்துவிடும்" என்று முடித்தார். நல்ல கைத்தட்டல். அரங்கத்து வாசலில் மாணவர்கள் ஒரு கடை போட்டிருந்தார்கள். கொட்டாங்குச்சியை வழவழவென்று தேய்த்து மெருகேற்றி, தேநீர்க் கோப்பையாக விற்றார்கள். ஒன்று 250 ரூபாய்.

என் தாத்தாவும் கொட்டாங்குச்சியில்தான் தேநீர் குடித்தார். ஊர்த் தேநீர்க் கடையின் கூரையில் அது செருகியிருக்கும். காசு எல்லோருக்கும் ஒன்றுதான். கண்ணாடித் தம்ளர்தான் எல்லோருக்கும் கிடையாது. குடித்து முடித்ததும் அவரே கழுவி அவரே திரும்பச் செருகிவிட்டு வர வேண்டும். சூழலைக் கெடுக்காத ஏற்பாடு என்பதில் சந்தேகமில்லை. நெகிழிக் கழிவு துளியும் கிடையாது.

இதை மேடையில் சொன்னேன். கடை போட்ட பிள்ளைகளின் முகம் வாடிவிட்டது. அவர்கள் மேல் எனக்குக் கோபம் ஏதுமில்லை, தெரியாமல் செய்தது. ஆனால் கூட்டம் முடிந்ததும் ஒரு மாணவி வந்து கேட்டாள்: "அக்கா, பாட்டி காலத்துக்குப் போக முடியாது, சரி. அப்போ வீட்ல இருந்தபடி நாங்க என்னதான் செய்யறது?" அவசரத்தில் ஏதோ சொல்லி அனுப்பிவிட்டேன். ஒழுங்காகச் சொல்லியிருக்க வேண்டும். அதனால்தான் இந்தப் பதிவு.

என் அம்மாவிடமிருந்து தொடங்குகிறேன். அம்மா எங்கள் ஊரில் 19 ஆண்டுகள் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளராக இருந்தார். நான் பதினொன்றாம் வகுப்பு படித்தபோது ஒரு நாள் காலை, ஒரு வீட்டு வாசலில் கட்டி வைத்திருந்த கறுப்புப் பையைத் தூக்கியபோது உள்ளே கிடந்த இன்சுலின் ஊசி அவருடைய வலது உள்ளங்கையில் ஏறிவிட்டது. கையுறை இல்லை. ஒப்பந்ததாரர் ஆண்டுக்கு ஒரு ஜோடி கொடுப்பார், அது இரண்டாவது வாரமே கிழிந்துவிடும். மருத்துவமனையில் ரத்தம் எடுத்தார்கள். ஆறு வாரம் கழித்து ஒருமுறை, மூன்று மாதத்தில் ஒருமுறை, ஆறு மாதத்தில் ஒருமுறை வரச் சொன்னார்கள். எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை எல்லாவற்றுக்கும் பார்க்க வேண்டுமாம்.

அந்த ஆறு மாதமும் அம்மா தனக்கென்று ஒரு தம்ளரை ஒதுக்கி வைத்துக்கொண்டார். அவர் தட்டில் நாங்கள் கை வைக்கக் கூடாது. தம்பி அப்போது சின்னப் பையன், அவனைப் பக்கத்தில் படுக்க விடவில்லை. தம்ளரால் இதெல்லாம் பரவாது என்று உயிரியல் புத்தகத்தைத் திறந்து காட்டிக்கூடச் சொன்னேன். "உன் புக்குக்கு என்னடி தெரியும்" என்றார். தேநீர்க் கடையில் தாத்தாவுக்கு ஊரார் செய்ததை எங்கள் வீட்டுக்குள் அம்மா தனக்குத் தானே செய்துகொண்டார். முடிவில் நோய் எதுவும் இல்லை என்று வந்தது. யாருடைய ஊசி என்று யாருக்கும் தெரியாது. அந்த வீட்டுக்காரர்களுக்கும் இப்படி ஒன்று நடந்தது தெரிந்திருக்காது.

இதைச் சொல்லி அனுதாபம் தேடவில்லை. அடுத்து வருவதைச் சொல்லத்தான் இது வேண்டியிருந்தது.

நான் சென்னைக்கு வந்து, வேலைக்குப் போய், வாடகைக்கு இரண்டாம் மாடியில் வீடு எடுத்த பிறகு அம்மா ஒரு வாரம் தங்க வந்தார். ஒரு இரவு கண்ணாடித் தம்ளர் ஒன்று கைதவறி உடைந்தது. களைப்பு. துண்டுகளைக் கூட்டி அள்ளி, மிச்சச் சோறு கிடந்த அதே பையில் போட்டு முடிச்சுப் போட்டுக் கதவோரம் வைத்துவிட்டுப் படுத்துவிட்டேன். காலை ஐந்து மணிக்கு எழுந்து பார்த்தால் அம்மா பால்கனியில் செய்தித்தாளை விரித்து என் குப்பையைப் பிரித்துக்கொண்டிருக்கிறார். ஒரு பக்கம் கண்ணாடித் துண்டுகள். ஒரு பக்கம் சோறும் முருங்கைக்காய்ச் சக்கையும். சுற்றாமல் போட்ட நாப்கின் இரண்டு. பால் பாக்கெட். செத்துப்போன ரிமோட் பேட்டரி.

"யாரு கைல குத்தணும்னு இத கட்டி வச்ச?"

வேறெதுவும் கேட்கவில்லை. அதற்கு முந்தின வாரம்தான் மலக்குழி மரணங்களைப் பற்றி ஒரு கூட்டத்தில் முக்கால் மணி நேரம் பேசியிருந்தேன். 2013 சட்டம், 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொன்ன 10 லட்ச ரூபாய் இழப்பீடு, 2023 அக்டோபரில் அது 30 லட்சமானது, எல்லாம் மனப்பாடம். என் வீட்டுக் குப்பைப் பை மட்டும் யாரோ ஒரு மேல்சாதி வீட்டுப் பை மாதிரியே இருந்தது. பைக்குச் சாதி தெரியாதுதான். அதைத் தூக்குகிறவர் யார் என்பதைச் சாதி முன்பே முடிவு செய்து வைத்திருக்கிறது.

அன்றிலிருந்து வீட்டில் மூன்று பாத்திரங்கள். ஈரக் குப்பைக்கு மூடி போட்ட பழைய பெயின்ட் வாளி. காய்ந்ததற்கு ஒரு சாக்கு. மூன்றாவது ஒரு ஷூ பெட்டி: ஊசி, பிளேடு, பேட்டரி, பல்பு, காலாவதியான மாத்திரை. இது என் கண்டுபிடிப்பில்லை. 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் குப்பையை உண்டாக்குகிறவர்தான் இப்படி மூன்றாகப் பிரித்துத் தர வேண்டும் என்று சொல்லின. நாப்கின், டயப்பரைச் சுற்றித் தர வேண்டும் என்பதும் அதிலேயே இருந்தது. சட்டப்படி இது நம் வேலை. நாம் செய்யாமல் விட்டதை இன்னொருவர் கையால் செய்கிறார், அவ்வளவுதான்.

கண்ணாடியைச் செய்தித்தாளில் கனமாகச் சுற்றி, அட்டைப் பெட்டியில் வைத்து, 'கண்ணாடி' என்று சிவப்பு மையில் எழுதினேன். பெருமையாக அம்மாவிடம் காட்டினேன். "எழுதி வச்சா எனக்குப் படிக்கத் தெரியுமா?" என்றார். என் அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது என்பதை நானே மறந்துபோயிருந்தேன். இப்போது சிவப்புத் துணி ஒன்றைக் கிழித்துக் கட்டுகிறேன். எங்கள் தெருவுக்கு வரும் அக்காவிடம் சிவப்பு கட்டியிருந்தால் ஆபத்தான பொருள் என்று சொல்லி வைத்திருக்கிறேன். நாப்கினைத் தாளில் சுற்றித் தனியாகக் கொடுக்கும்போதும் அப்படித்தான். ஊசி இருக்கிற வீடென்றால் கெட்டியான பிளாஸ்டிக் பாட்டிலில் போட்டு மூடியை இறுக்குங்கள். மருந்துக் கடைக்காரர் வாங்கிக்கொள்வாரா என்று கேட்டுப் பாருங்கள், சிலர் வாங்குகிறார்கள்.

"நாம பிரிச்சுக் குடுத்தாலும் வண்டியில ஒண்ணாதானே கொட்டறாங்க?" என்று எல்லாக் கூட்டத்திலும் ஒருவர் கேட்பார். பல இடங்களில் உண்மைதான். நகராட்சியைக் கேள்வி கேட்க வேண்டிய விஷயம், கேளுங்கள், மனு போடுங்கள். ஆனால் வண்டிக்குப் போவதற்குள் அந்தப் பை ஒரு மனிதரின் கையைத் தாண்டுகிறது. கிடங்குக்குப் போன பிறகும் பழைய இரும்பும் பிளாஸ்டிக்கும் பொறுக்குகிறவர்கள் அதைக் கையால்தான் கிளறுகிறார்கள்.

அடுத்தது ஈரக் குப்பை. வீட்டுக் குப்பையில் ஏறக்குறைய பாதி இதுதான். சென்னையின் குப்பை வடக்கே கொடுங்கையூருக்கும் தெற்கே பெருங்குடிக்கும் போய்ச் சேர்கிறது. கொடுங்கையூர்க் கிடங்கைச் சுற்றி யார் குடியிருக்கிறார்கள் என்று ஒரு நாள் நடந்து பாருங்கள். பெருங்குடியில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் மேலேயே கொட்டினார்கள். 2022 ஏப்ரல் கடைசியில் அது தீப்பிடித்து நாள்கணக்கில் புகைந்தது. காற்றுப் படாமல் அடியில் அமுங்கிய சோறும் காய்கறியும் அழுகும்போது மீத்தேன் வாயு வரும். நூறாண்டுக் கணக்கில் பார்த்தால் கரியமில வாயுவைவிடச் சுமார் 28 மடங்கு பூமியைச் சூடாக்குவது அது. தீப்பிடிப்பதற்கும் அதுவே துணை. நம் வீட்டு வாழைப்பழத் தோல் நம் வீட்டிலேயே மட்கினால் இந்தக் கதையே இல்லை.

செய்முறை சுலபம். மண்பானை அல்லது பழைய வாளி இரண்டு. பக்கவாட்டில் விரல் நுழையாத அளவுக்குச் சின்னச் சின்ன ஓட்டைகள், அடியிலும் இரண்டு. கீழே தென்னை நார்க்கழிவு அல்லது காய்ந்த இலை ஒரு கை. அதன்மேல் அன்றைய குப்பை. அதன்மேல் அதே அளவு காய்ந்த இலை. தொடங்கும்போது ஒரு கரண்டி புளித்த மோர் அல்லது ஒரு கைப்பிடி தோட்டத்து மண். மூன்று நாளுக்கு ஒருமுறை கிளற வேண்டும். பிழிந்த துணி மாதிரி ஈரம் இருந்தால் சரி. நாறினால் ஈரம் அதிகம், காய்ந்த இலை போடுங்கள். புழு வந்தால் அலற வேண்டாம், அது தின்று முடித்துவிட்டுப் போய்விடும். ஒரு பானை நிறைந்ததும் மூடி வைத்துவிட்டு அடுத்ததைத் தொடங்கலாம். ஒன்றரை, இரண்டு மாதத்தில் எருவாகிவிடும். முதல் பானையை நான் கெடுத்தேன். ரசத்தை ஊற்றிவிட்டேன். மூன்று நாளில் கட்டடமே மூக்கைப் பிடித்தது.

அப்போதுதான் வீட்டுக்கார அம்மா மேலே வந்தார். "ஏம்மா, நீங்க இதுல எலும்பு, மீன் எல்லாம் போடறீங்களா?" ரசம் என்று சொன்னேன். நம்பவில்லை. பானையைப் பார்த்ததைவிட என்னை அதிகம் பார்த்தார். சொந்த ஊர் எது, ஊரில் எந்தத் தெரு என்று விசாரணை நீண்டது. நம் தோழர்களுக்கு அந்த விசாரணையின் வழி தெரியும். பானையை எடுத்துவிடச் சொன்னார். நான் எடுக்கவில்லை. அடுத்த பானையில் ரசம் ஊற்றவுமில்லை. இரண்டு மாதம் கழித்து நாற்றமே இல்லாத எருவை ஒரு கிண்ணத்தில் கொண்டுபோய் அவருடைய துளசிக்குப் போடச் சொன்னேன். வாங்கிக்கொண்டார். போட்டாரா என்று தெரியாது. எலும்பையும் மீன் முள்ளையும் பானையில் போடலாமா என்றால், போடலாம். கொஞ்சமாக, நடுவில் ஆழமாகப் புதைத்து, மேலே மண் மூட வேண்டும். மட்க நாளாகும்.

இறைச்சி என்றதும் இன்னொன்றைப் பேசியாக வேண்டும். பசுமை வாழ்க்கைப் பட்டியல்கள் எல்லாவற்றிலும் "அசைவத்தை விடுங்கள், முக்கியமாக மாட்டுக்கறியை" என்று ஒரு வரி இருக்கும். மாடு அசைபோடும்போது மீத்தேன் வருவது அறிவியல். அதை மறுக்க மாட்டேன். அமெரிக்காவிலும் பிரேசிலிலும் கறிக்காகவே கோடிக்கணக்கில் மாடு வளர்த்து, அதற்காகக் காட்டை அழிக்கும் தொழிலோடு இதற்குத் தொடர்பு உண்டு. ஆனால் நம் ஊரில் எருமையும் மாடும் பெரும்பாலும் பாலுக்கும் உழவுக்கும் வளர்வன. உலகிலேயே அதிகம் பால் கறக்கும் நாடு இது. வாழ்நாளெல்லாம் அது விட்ட மீத்தேன் நெய், பன்னீர், தயிர், பால்கோவாவின் கணக்கில் சேர வேண்டியது. பால் வற்றிய பிறகு அதைத் தின்கிறவர் தலையில் மொத்தக் கணக்கையும் எழுதுவது அறிவியலே இல்லை, நமக்குப் பழக்கமான வேறொன்று. நெய்யைக் குறையுங்கள் என்று ஒரு பசுமைப் பட்டியலிலாவது இதுவரை நான் படித்ததில்லை. எந்த உணவானாலும் வீணாக்காதீர்கள் என்று மட்டும் சொல்வேன். எங்கள் வீட்டில் யாரும் அதைச் சொல்லித்தர வேண்டியிருந்ததில்லை.

துணி நாப்கின் பற்றியும் மாணவிகள் கேட்கிறார்கள். அம்மாவும் பெரியம்மாவும் பழைய புடவைத் துணிதான் வைத்தார்கள். ஒரே அறை வீட்டில் அதை வெயிலில் காயப்போட இடம் ஏது? கட்டிலுக்கடியிலும் கதவிடுக்கிலும் ஈரத்தோடு காய்ந்தது. புண் வந்தது. தண்ணீரும் வெயிலும் பூட்டிக்கொள்ள ஒரு குளியலறையும் இருக்கிறவர்களுக்குத் துணி நல்லது. இல்லாதவர்களுக்கு அதைப் பண்பாடு என்று போதிக்காதீர்கள். நான் சிலிக்கான் கப்புக்கு மாறிவிட்டேன். சில நூறு ரூபாய், கொதிநீரில் போட்டெடுத்துப் பல ஆண்டுகள் வைத்துக்கொள்ளலாம். முதல் இரண்டு மாதம் பழகக் கஷ்டம்தான், பொய் சொல்லவில்லை. மாற முடியாதவர்கள் மாற வேண்டாம். கழிப்பறைக்குள் மட்டும் போடாதீர்கள்.

சாம்பல் போட்டுப் பாத்திரம் தேய்ப்பது, விறகடுப்பு, இதெல்லாம் திரும்ப வேண்டும் என்று யாராவது சொன்னால் என் அம்மாவிடம் அனுப்புங்கள். பதில் அவர் சொல்வார்.

தண்ணீரும் மின்சாரமும் சுருக்கமாக. வீட்டில் ஆர்.ஓ. இயந்திரம் இருந்தால் குடிக்கிற ஒரு லிட்டருக்கு இரண்டு மூன்று லிட்டர் வெளியே கழிகிறது. அந்தக் குழாயை ஒரு வாளிக்குள் விடுங்கள். வீடு துடைக்க, கழிப்பறைக்கு ஊற்ற ஆகும். செடிக்கு வேண்டாம், உப்பு அதிகம். பழைய மின்விசிறி சுமார் 75 வாட் இழுக்கும், புதிய பி.எல்.டி.சி. விசிறி 30 வாட்டைச் சுற்றி இழுக்கிறது. பழசு கெட்டால் மாற்றும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள். நம் சுவிட்சுக்கு அந்தப் பக்கம் எண்ணூரின் சாம்பல் இருக்கிறது. கொசஸ்தலை ஆற்றில் அது கலந்து மீனவர்களின் வலை வெறுமையானதை அந்த மக்களே பல ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். தண்ணீர்ச் சிக்கனத்தைச் சேரியில் போய்ப் போதிக்கும் நண்பர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: 1927இல் மகாத்தில் பாபாசாகேப் குளத்துத் தண்ணீரை அள்ளிக் குடிக்கப் போராட வேண்டியிருந்தது. 2022 டிசம்பரில் வேங்கைவயல் தொட்டியில் என்ன கலந்தார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். எங்களுக்குத் தண்ணீரின் அருமை தெரியாது என்று யாரும் வகுப்பெடுக்க வேண்டாம்.

நம் தோழர்கள் சிலருக்கு இந்தப் பதிவே பிடிக்காது. "தனிமனித ஒழுக்கம் பேசி கம்பெனிகளைத் தப்பிக்க விடுகிறாய்" என்பார்கள். பாக்கெட்டைத் தயாரித்தவனே திரும்ப எடுக்க வேண்டும், அதில் மாற்றுக் கருத்தில்லை. 2025 ஆகஸ்டில் ரிப்பன் மாளிகை வாசலில் தூய்மைப் பணியாளர்கள் தனியார்மயத்தை எதிர்த்து உட்கார்ந்து, 13ஆம் தேதி நள்ளிரவில் கைது செய்யப்பட்டு அகற்றப்பட்டார்களே, அந்தப் போராட்டத்தின் இடத்தை என் மண்பானை நிரப்பாது. ஆனால் அங்கே போய் முழக்கமிட்டுவிட்டு வீட்டுக்கு வந்து உடைந்த கண்ணாடியைச் சோற்றோடு கட்டி வைத்தவள் நான். இரண்டையும் ஒரே ஆள் செய்ய முடிகிறது என்பதுதான் எனக்குப் பிரச்சினை.

கடைசியாக ஒன்று. பசுமைப் பட்டியல்களில் இடமே பெறாதது: உங்கள் வீட்டு மலக்குழி. அது எங்கே இருக்கிறது, எப்போது கடைசியாக எடுத்தார்கள், யார் எடுத்தார்கள்? இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை வண்டி வைத்து உறிஞ்சினால் கசடு இறுகாது. பத்து ஆண்டு விட்டுவிட்டு நிரம்பி வழியும்போது கூப்பிட்டால், குழாய் உறிஞ்சாத அடிக்கசட்டுக்கு ஒரு மனிதரை இறங்கச் சொல்வார்கள். நாப்கினும் டயப்பரும் எண்ணெயும் போய் அடைத்தாலும் அதுவே. உள்ளே விஷவாயு, ஒரே மூச்சில் மயங்கி விழுவார்கள், காப்பாற்ற இறங்குகிறவரும் விழுவார். இறக்குவது 2013 சட்டப்படி குற்றம். முதல் முறைக்கே இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். வாடகைக்கு இருந்தாலும் வீட்டுக்காரரைக் கேளுங்கள். வண்டிக்கு 14420 என்ற எண்ணில் கூப்பிடலாம்.

இதைத்தான் அந்த மாணவியிடம் பிறகு தொலைபேசியில் சொன்னேன். அவளும் தோழிகள் மூன்று பேரும் தங்கள் விடுதியில் போய்க் கேட்டிருக்கிறார்கள். முந்நூறுக்கும் மேற்பட்ட பெண்கள் தங்கும் விடுதி. தொட்டி எங்கே என்று காப்பாளருக்குத் தெரியவில்லை. காவலாளிதான் சமையற்கூடத்துக்குப் பின்னால் சிமென்ட் பூசி மூடிய இடத்தைக் காட்டியிருக்கிறார். அதைத் திறந்து அவர் பார்த்ததே இல்லையாம். கடைசியாக எப்போது, யாரைக் கொண்டு சுத்தம் செய்தீர்கள் என்று கேட்டு நால்வரும் கையெழுத்திட்டு நிர்வாகத்துக்குக் கடிதம் கொடுத்திருக்கிறார்கள். மூன்று வாரம் ஆகிறது. பதில் இன்னும் வரவில்லை. வந்ததும் எழுதுகிறேன்.